ஆங்கிலம் தெரியாவிட்டால் ஆடக் கூடாதா?

கேள்வி இதுதான். ஒரு விளையாட்டு அமைப்பு முழுக்கத் தனியாருடையது. அரசுப் பணம் அதில் ஒரு காசுகூட இல்லை. தன் போட்டிகளில் ஆட வருகிறவர்களுக்கு ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்று அது விதி போட்டால் என்ன தவறு? அவர்கள் வீடு, அவர்கள் வைத்ததுதானே சட்டம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் கற்றுக்கொள்ளச் சொல்லலாம். ஆசிரியர் வைத்துக் கற்றுத் தரலாம். கற்றவருக்குக் கூடுதலாக ஏதாவது கொடுக்கலாம். ஆனால் தெரியாதவரை ஆட்டத்திலிருந்து நிறுத்தி வைக்கக் கூடாது. இது ஊகத்தில் சொல்வதன்று. அப்படி ஒரு விதியை ஒரு பெரிய அமைப்பு கொண்டுவரப் பார்த்தது. இரண்டே வாரத்தில் அதைக் கைவிட வேண்டியும் வந்தது.

2008 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் பெண்கள் கோல்ஃப் போட்டி ஒன்று நடந்தது. அதை நடத்திய எல்பிஜிஏ, அதாவது பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சங்கம், தென் கொரிய வீராங்கனைகளை மட்டும் தனியாக அழைத்துக் கட்டாயக் கூட்டம் ஒன்று போட்டது. உறுப்பினராகி இரண்டு ஆண்டு ஆனவர்கள் இனி ஆங்கிலத்தில் வாய்மொழித் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். தேறாதவர்களின் உறுப்பினர் தகுதி நிறுத்தி வைக்கப்படும். அங்கே சொல்லப்பட்ட செய்தி அதுதான். அப்போது அந்தச் சங்கத்தில் 26 நாடுகளிலிருந்து வந்த 121 வெளிநாட்டு வீராங்கனைகள் இருந்தார்கள். அவர்களில் 45 பேர் தென் கொரியர்கள். விதி எல்லா நாட்டவருக்கும் பொது என்றுதான் சங்கம் விளக்கியது. ஆனால் முதலில் கூப்பிட்டு உட்காரவைத்தது யாரை என்பதில் அதன் உள்நோக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சங்கத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டவை மூன்று: செய்தியாளருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும், வென்றால் மேடையில் ஆங்கிலத்தில் பேச வேண்டும், புரோ-ஆம் ஆட்டத்தில் விருந்தினரோடு ஆங்கிலத்தில் பழக வேண்டும். இந்த மூன்றாவதுதான் அவர்களுடைய வயிற்றுப்பாடு. புரோ-ஆம் என்பதைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். போட்டி வியாழக்கிழமை தொடங்கும் என்றால் பெரும்பாலும் புதன்கிழமை இது நடக்கும். ஒரு தொழில்முறை வீராங்கனையோடு மூன்று அல்லது நான்கு பொழுதுபோக்கு ஆட்டக்காரர்கள் சேர்ந்து பதினெட்டுக் குழியும் ஆடுவார்கள். அந்த விருந்தினர்கள் யார்? போட்டிக்குப் பணம் போட்ட நிறுவனத்தின் மேலதிகாரிகள், அவர்கள் மகிழ்விக்க விரும்பும் வாடிக்கையாளர்கள், உள்ளூர்ப் பெரும்புள்ளிகள். வங்கி அதிகாரி ஒருவர் பந்தை மரத்துக்குள் அடித்துவிட்டுக் கூச்சத்தோடு சிரிப்பார். வீராங்கனை அவர் தோளைக் கொஞ்சம் திருப்பி நிறுத்தி, பிடியைத் தளர்த்தச் சொல்லி, அடுத்த அடியைச் சரியாக விழவைப்பார். மாலையில் அந்த மனிதர் வீட்டுக்குப் போய் அதைப் பத்து நாள் சொல்லிக்கொண்டிருப்பார். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீளும் அந்தப் பழக்கத்துக்காகத்தான் அவருடைய நிறுவனம் காசோலை எழுதுகிறது.

ஆண்கள் கோல்ஃபுக்குக் கிடைக்கும் தொலைக்காட்சிப் பணம் பெண்களுக்குக் கிடைத்ததில்லை. ஆகவே விருந்தினர் முகம் சுளித்தால் பெண்கள் போட்டிதான் முதலில் அடிபடும். அது 2008, பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம். ஐந்து மணி நேரமும் தலையாட்டலும் புன்னகையுமாகவே போனால் அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் வராமல் போகலாம் என்று சங்கத்து நிர்வாகி பயந்ததை நான் குறை சொல்லவில்லை. பயம் நியாயமானது. அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த மருந்துதான் தவறு.

ஏனென்றால் நல்ல விருந்தோம்பலும் ஆங்கிலமும் ஒன்றல்ல. உலகப் பெண்கள் கோல்ஃபில் அன்னிகா சோரன்ஸ்டாமுக்கு இணையாகச் சொல்ல மிகச் சிலரே இருக்கிறார்கள். எல்பிஜிஏ போட்டிகளில் 72 வெற்றி, அவற்றில் 10 மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளின் பட்டங்கள். சிறு வயதில் சுவீடனில் ஆடியபோது, வென்றால் பரிசு மேடையில் பேச வேண்டுமே என்ற பயத்தில், கடைசிக் குழிகளில் வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டு இரண்டாம் இடத்துக்கு இறங்கிக்கொண்டவர் அவர். இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அவர் பயந்தது தாய்மொழியில் பேசுவதற்கு! பயிற்சியாளர்கள் இதைக் கண்டுபிடித்து என்ன செய்தார்கள்? அவரை விலக்கவில்லை. இரண்டாம் இடம் பெறுபவரும் பேச வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அப்புறம் இரண்டாவதாக வருவதில் லாபம் இல்லை. அவர் வெல்லத் தொடங்கினார். கூச்சமுள்ள ஓர் ஆட்டக்காரியைப் பேச்சுக்குப் பழக்கவும் வழி இருக்கிறது, ஆட்டத்தையே பறித்து அனுப்பவும் வழி இருக்கிறது. அந்தச் சுவீடன் பயிற்சியாளர்கள் இரண்டாவது வழியில் போயிருந்தால் அந்த 72 வெற்றிகளும் இல்லை.

தென் கொரிய வீராங்கனை பாக் சே-ரியின் கதையையும் சொல்லியாக வேண்டும். 1998 ஜூலையில், விஸ்கான்சின் மாநிலத்துக் கோலரில், அமெரிக்கப் பெண்கள் ஓப்பன் போட்டி சமனில் முடிந்து, திங்கட்கிழமை பிளேஆஃப், அதாவது வெற்றியாளரைத் தீர்மானிக்கும் கூடுதல் ஆட்டம் நடந்தது. பாக்குக்கு அப்போது வயது 20, அமெரிக்காவில் அதுதான் முதல் ஆண்டு, ஆங்கிலம் சரளமாக வராது. பதினெட்டாவது குழியில் அவர் அடித்த பந்து குளத்தங்கரைச் சரிவில், தண்ணீரை ஒட்டிய புல்லில் போய் நின்றது. அபராத அடியை ஏற்றுக்கொண்டு பந்தை வேறு இடத்தில் வைத்து ஆடுவதுதான் வழக்கமான புத்தி. அவர் குனிந்து காலணியைக் கழற்றினார், காலுறையைக் கழற்றினார், தண்ணீருக்குள் இறங்கினார். வெயிலில் கறுத்திருந்த கால்களுக்குக் கீழே பாதங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அந்தப் பாதங்களைப் பார்த்துத்தான் கொரியாவில் பலர் கண் கலங்கினார்கள். எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றிருந்தால் அந்த நிறம் வரும் என்று அவர்களுக்குப் புரிந்தது. நாணய நெருக்கடியில் நாடே வேலையிழந்து நின்ற ஆண்டு அது. பந்தை அங்கிருந்து வெளியே எடுத்துப் போட்டார், பிளேஆஃப் இன்னும் இரண்டு குழி நீண்டது, வென்றார்.

அந்த ஒளிபரப்பைப் பார்த்த பெற்றோரின் கூச்சலில் விழித்துக்கொண்ட சிறுமிகளில் ஒருத்தி பாக் இன்-பி. சில நாட்களில் மட்டையைக் கையில் எடுத்தாள். 2008 ஜூனில், தன் 19ஆவது வயதில், அதே அமெரிக்க ஓப்பனை வென்றாள். அடுத்த இரண்டு மாதத்தில்தான் போர்ட்லாந்தில் அந்தக் கூட்டம் நடந்தது. அந்தக் காலவரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பாக் சே-ரி அந்தக் குளத்தில் இறங்கியதால் ஒரு தேசமே எல்பிஜிஏ-வைப் பார்க்கத் தொடங்கியது. கொரியத் தொலைக்காட்சி உரிமை அந்தச் சங்கத்தின் முக்கிய வருமானங்களில் ஒன்றானது. ஆங்கிலம் பேசாத நேயர்களின் பணம் இனித்தது. ஆங்கிலம் பேசாத ஆட்டக்காரி மட்டும் கசந்தாள்.

பாக் சே-ரியே அப்போது என்ன சொன்னார் என்பதையும் மறைக்கக் கூடாது. வீராங்கனைகள் ஓரளவு ஆங்கிலம் பேச வேண்டும் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் தகுதியை நிறுத்துவதைவிட அபராதம் போடலாம் என்பது அவர் கருத்து. அபராதமும் எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் களத்துக்குள் இருந்தவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செய்தி வெளியானதும் ஆசிய அமெரிக்க உரிமை அமைப்புகளும் கலிஃபோர்னியச் சட்டமன்ற உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். அது எதிர்பார்க்கக்கூடியது. எதிர்பாராதது, சங்கத்துக்குப் பணம் கொடுக்கும் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனமே இந்த விதியைக் கேட்டுத் திகைத்ததாகவும், மறுபரிசீலனை செய்யுமாறும் வெளிப்படையாகச் சொன்னது. யாருக்காக விதி போட்டதாகச் சொன்னார்களோ அவர்களே வேண்டாம் என்றார்கள். செப்டம்பர் 5 அன்று தண்டனைப் பகுதியைச் சங்கம் விலக்கிக்கொண்டது. ஆணையர் கரோலின் பிவன்ஸ் மறு ஆண்டு ஜூலையில் பதவி விலகினார். வீராங்கனைகள் அவர்மேல் நம்பிக்கை இழந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் இந்த விதியின் தலையில் கட்ட முடியாது.

அடுத்த நிரந்தர ஆணையராக வந்த மைக் வான் அதே விருந்தினர் பிரச்சினையை வேறு விதமாகக் கையாண்டார். யார் பணம் கொடுக்கிறார்கள், அவர்களின் தொழில் என்ன என்று ஒவ்வொரு போட்டிக்கும் முன்பு வீராங்கனைகளுக்குத் தெரியப்படுத்தினார். போட்டி முடிந்ததும் நன்றிக் கடிதம் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். கையால் எழுதிய நாலு வரி நன்றியில் இலக்கணப் பிழை இருந்தால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்? அவர் காலத்தில் ஆசியாவில் போட்டிகளும் பெருகின.

இனி, "அவர்கள் வீடு, அவர்கள் சட்டம்" என்ற வாதத்துக்கு வருகிறேன். தெருவில் பத்துக் கடை இருந்து, ஒன்றில் உங்களை உள்ளே விடவில்லை என்றால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். உலகின் உயர்ந்த பெண்கள் கோல்ஃப் ஒரே ஒரு சங்கத்தின் கையில் இருக்கும்போது, அங்கிருந்து வெளியே போ என்றால் அந்தத் தொழிலின் உச்சியிலிருந்தே வெளியே போ என்றுதான் பொருள். பத்திரத்தில் தனியார் என்று இருந்தாலும் அதன் வாசல் பொதுவாசல்போலத்தான் வேலை செய்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு நெருக்கமான ஒன்றை 2001இல் தீர்த்துவைத்தது. கேசி மார்ட்டின் என்ற கோல்ஃப் வீரருக்கு வலது காலில் பிறவியிலேயே இரத்த ஓட்டக் கோளாறு. பதினெட்டுக் குழியும் நடக்க முடியாது, சிறு வண்டியில் போக அனுமதி கேட்டார். ஆண்களின் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் மறுத்தது; நடப்பதும் ஆட்டத்தின் பகுதி என்றது. 7-க்கு 2 என்ற கணக்கில் நீதிமன்றம் மார்ட்டின் பக்கம் நின்றது. கோல்ஃபின் உயிர் பந்தை அடித்துக் குழியில் சேர்ப்பதில் இருக்கிறது, அவருக்கு வண்டி கொடுப்பதால் அந்த ஆட்டம் வேறொன்றாகிவிடாது என்பது அதன் முடிவு. அந்த வழக்கு உடற்குறையுள்ளோர் சட்டத்தின் கீழ் வந்தது, மொழியைப் பற்றியதன்று. இருந்தும் அது கேட்ட கேள்வியை நான் இங்கே கடன் வாங்குகிறேன்: இதை எடுத்துவிட்டால் ஆட்டம் மாறிவிடுமா? நடையே கோல்ஃபின் உயிர் இல்லையென்றால், வென்ற பிறகு ஒலிவாங்கி முன் நின்று பேசும் ஆங்கிலம் எப்படி உயிராகும்? அர்ஜென்டினாவின் ஆங்கெல் கப்ரேரா 2007இல் ஆண்கள் அமெரிக்க ஓப்பனையும் 2009இல் மாஸ்டர்ஸையும் வென்றார். மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசினார். கோல்ஃபுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

மொழி உண்மையிலேயே வேலையின் உறுப்பாக இருக்கும் இடங்கள் உண்டு. பன்னாட்டு விமானிகளுக்கும் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கும் ஆங்கிலத் தேர்ச்சி கட்டாயம். ஓடுபாதையில் ஒரு சொல் புரியாமல் போனால் உயிர்கள் போகும், அங்கே நான் வாதாடவே மாட்டேன். பயிற்சியாளர் பதவியும் ஓரளவு அப்படித்தான். அவர் கருவியே பேச்சு. கனடாவின் மாண்ட்ரியால் கனேடியன்ஸ் ஐஸ் ஹாக்கி அணி 2011 டிசம்பரில் பிரெஞ்சு தெரியாத ராண்டி கன்னிவொர்த்தை இடைக்காலப் பயிற்சியாளராக்கியபோது கியூபெக் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டு இரு மொழியும் தெரிந்த மிஷேல் தெரியன் வந்தார். தங்கள் ஊர் அணியின் குரல் தங்கள் மொழியில் பேச வேண்டும் என்று அவர்கள் கேட்டதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் கவனியுங்கள், பந்தயத்தில் ஆடும் ஒவ்வொரு வீரனும் பிரெஞ்சுத் தேர்வில் தேற வேண்டும், தேறாதவன் சறுக்குக் காலணியைக் கழற்றிவிடு என்று அந்த அணி விதி போடவில்லை.

பேஸ்பால் இந்த விஷயத்தில் நீண்ட பாடம் படித்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணியின் மேலாளர் ஆல்வின் டார்க், உடைமாற்றும் அறையில் ஸ்பானிஷ் பேசக் கூடாது என்று தடுக்கப் பார்த்தார். அந்த அணியில் டொமினிக்கன் நாட்டு ஃபெலிப்பே அலூவும் அவர் தம்பியும் இருந்தார்கள். அண்ணன் தம்பியோடு எந்த மொழியில் பேசுவான்? வீட்டில் அம்மா கூப்பிட்ட மொழியில் தம்பியைக் கூப்பிடுவதற்கு ஒருவன் அனுமதி வாங்க வேண்டுமா? வீரர்கள் அந்தத் தடையை ஏற்கவில்லை.

அரை நூற்றாண்டு கழித்தும் வேறொரு ஓரவஞ்சனை இருந்தது. ஜப்பானிய வீரர்களுக்கு அணியே மொழிபெயர்ப்பாளர் வைத்துக் கொடுக்கும். ஸ்பானிஷ் பேசுபவர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்ள வேண்டும். 2014 ஏப்ரலில் நியூயார்க் யாங்கீஸ் பந்துவீச்சாளர் மைக்கேல் பினேடா, பந்தைப் பிடிக்க உதவும் பிசினை விதிக்கு மாறாகக் கழுத்தில் தடவியிருந்ததற்காக ஆட்டத்தின் நடுவே வெளியேற்றப்பட்டார். செய்தியாளர்கள் சூழ்ந்தபோது, தன் தொழில் வாழ்க்கையின் மிக மோசமான நாளில், சரியாக வராத மொழியில் தனியாக நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அதே அணியின் கார்லோஸ் பெல்ட்ரான் இதைப் பார்த்து மனம் பொறுக்காமல் வீரர் சங்கத்திடம் பேசினார். 2016 முதல் ஒவ்வொரு அணியும் முழுநேர ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்கள் இருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றானது. தனியார் அமைப்புதான். அதே பணப் பிரச்சினைதான். ஆனால் சுமையை ஆட்டக்காரன் தோளிலிருந்து எடுத்து அணியின் செலவுக் கணக்கில் வைத்தார்கள்.

மொழிபெயர்ப்பாளரை நம்பியிருப்பதில் ஆபத்து இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. ஜப்பானியப் பேஸ்பால் வீரர் ஷோஹேய் ஒட்டானியின் மொழிபெயர்ப்பாளர் அவர் கணக்கிலிருந்து ஏறத்தாழ 1.7 கோடி டாலரைச் சுருட்டி, சூதாட்டத்தில் விட்டு, சிறைத் தண்டனை பெற்றார். வங்கியோடு தானே பேச முடிகிற வீரனுக்கு அந்த அளவு ஆபத்து வராது. ஆங்கிலம் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் என் மாணவர்களிடம் மன்றாடுவது இதனால்தான்: ஒப்பந்தத்தைப் படிக்க, மருத்துவரிடம் வலியைச் சொல்ல, ஏமாறாமல் இருக்க. கற்பதால் பயன் பெறுபவர் அவரே. அதனால்தான் இன்னொரு ஜப்பானியப் பேஸ்பால் வீரரான இச்சிரோ சுசூகியை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தும், சொல் பிசகக் கூடாது என்று செய்தியாளரிடம் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே ஆண்டுக்கணக்காகப் பேசினார். 2025இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது அவராகவே ஆங்கிலத்தில் பேசினார், கூட்டத்தைச் சிரிக்கவும் வைத்தார்.

இதெல்லாம் தூரத்து ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். 2018இல் பின்லாந்தில் நடந்த உலக இளையோர் தடகளத்தில் அசாமின் ஹிமா தாஸ் 400 மீட்டர் அரையிறுதியில் வென்று பேட்டி கொடுத்தபோது, அவருக்கு ஆங்கிலம் அவ்வளவு சரளமாக வரவில்லை என்று இந்தியத் தடகளக் கூட்டமைப்பு தன் ட்விட்டர் பக்கத்திலேயே எழுதியது; பிறகு மன்னிப்புக் கேட்டது. அவர் இறுதியில் தங்கம் வென்றார்.

நானும் ஒன்றைக் கண்ணால் பார்த்தேன். உடற்கல்வி ஆசிரியனாக இருந்தபோது, மும்முறைத் தாண்டலில் நல்ல காலுள்ள ஒரு மாணவியைத் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றின் தேர்வுக்கு அழைத்துப்போனேன். மணற்குழியில் அன்று அவளைவிடத் தூரம் யாரும் விழவில்லை. பிற்பகல் ஒரு குளிர்சாதன அறையில் நேர்காணல். தன்னைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்றாள். பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். பிறகு முழங்காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே நின்றாள். இரண்டு நிமிடம் என்பது அவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. பட்டியலில் அவள் பெயர் இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "சார், நான் தாண்டினதை அவங்க அளந்தாங்களா?"

ஆகவே, தனியார் லீக் ஒன்றை நடத்துபவர் என்னிடம் ஒப்பந்தம் எழுதச் சொன்னால் இப்படித்தான் எழுதுவேன். தேர்வும் நீக்கமும் ஆட்டத்தையும் ஒழுக்கத்தையும் மட்டுமே வைத்து நடக்கும். ஆட்ட விதிகளும் ஒப்பந்தமும் ஆட்டக்காரருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தரப்படும். விருந்தினரோடு பழகுவது, நன்றி சொல்வது, நிகழ்ச்சிக்கு நேரத்துக்கு வருவது ஆட்டக்காரரின் கடமை. எந்த மொழியில் என்பது அவர் விருப்பம். ஆங்கிலம் கற்க விரும்புபவருக்கு ஆசிரியரும் நேரமும் கொடுக்கப்படும், பயிற்சி நேரம் அதற்காகக் குறைக்கப்படாது. நேர்காணலுக்கும் மருத்துவ அறைக்கும் ஒழுங்கு விசாரணைக்கும் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் இருப்பார். அவருடைய சம்பளத்தை லீக் கொடுக்கும்.